பல வருடக் கழுத்து வலிக்குத் தோள்பட்டை எலும்புப் பயிற்சிகள் உண்மையில் உதவுமா?

எனக்கு உதவியது. நான் டாக்டர் இல்லை, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருப்பவள். "நெட்டில் படித்துவிட்டு அளக்கிறாள்" என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். ஒன்பது வருடம் வலியோடு உட்கார்ந்து தைத்தவள் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் குனிந்து பார்க்கிற வேலைதான் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். மாலை நான்கு மணிக்கெல்லாம் பிடரி கல்லாகிவிடும், யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். சரிதானே? நான் ஒட்டாத கோயோக், அதாவது வலிப் பிளாஸ்டர், இல்லை. பனடோல், தைலம், எங்கள் பழைய ரப்பர் தோட்ட லயத்துப் பாட்டி எண்ணெய் காய்ச்சி நீவிவிட்டது, எல்லாமே ஒரு ராத்திரிக்குத்தான். அம்மாவோ, "காண்டாக் கம்பைத் தோளில் வைத்து ரெண்டு வாளி ரப்பர் பால் சுமந்தேன், எனக்கு வலிக்கலையே" என்பார். அவருக்கு இப்போது தலைக்கு மேல் கை போகாது, அது வேறு கதை.

கடைசியில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், கட்டி அரசாங்கக் கிளினிக்கில் பார்த்து, அங்கிருந்து ஃபிசியோவுக்கு அனுப்பினார்கள். மலாய்ப் பெண், என் மகள் வயது. கழுத்தைத் தொடவே இல்லை. எனக்கு எரிச்சல்தான். முதுகில் இரண்டு பக்கமும் முக்கோணமாக இருக்கிற எலும்புகளுக்கு நடுவில் விரலை வைத்து, அதை எலும்பால் கவ்வச் சொன்னார். நான் பலத்தைக் காட்டி இழுத்தேன், தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிட்டன. "துரூன், மக்சிக், துரூன்" என்று சிரித்தார். மலாயில், இறக்குங்கள் ஆன்ட்டி என்று அர்த்தம்.

கழுத்தெலும்புகளில் மேலே இருக்கிற நான்கிலிருந்து ஒரு தசை இறங்கி அந்த முக்கோணத்தின் மேல் மூலையில் பிடிக்கிறதாம். நடு முதுகுத் தசைகள் வலு இல்லாமல் எலும்பு முன்னால் சரிந்தால், இழுவை முழுக்கக் கழுத்துக்கு. ரவிக்கையில் கைக்குழியைத் தப்பாக வெட்டினால் கழுத்துப் பக்கம் இழுக்குமே, அதே மாதிரி என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

நான் செய்வது இவ்வளவுதான். உட்கார்ந்து, தோளைக் காதிலிருந்து இறக்கி, அந்த எலும்புகளை மெதுவாகப் பின்னாலும் கீழேயும் கொண்டுபோய் ஐந்து எண்ணும்வரை வைத்திருப்பேன், பத்து தடவை. அப்புறம் சுவரில் கையை ஊன்றி, முழங்கையை மடக்காமல், முதுகெலும்புக்குப் பக்கத்தில் அந்த எலும்புகள் மட்டும் சேர்ந்து பிரிகிற மாதிரி முன்னும் பின்னும் போவேன். ராத்திரி குப்புறப் படுத்து, நெற்றிக்கு அடியில் மடித்த துண்டு வைத்து, பக்கவாட்டில் இருக்கிற கைகளைக் கொஞ்சமே தூக்குவேன். மூச்சை அடக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆறாவது வாரம் சந்திப்பில் பழ லோரி வருகிறதா என்று மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன்.

எல்லா வலிக்கும் இது ஆகாது. கை மரத்துப்போனாலும், பிடித்த சாமான் நழுவினாலும், நடை தள்ளாடினாலும், விழுந்து அடிபட்டு வந்த வலியென்றாலும் முதலில் டாக்டரிடம் போங்கள். என்னைத் திட்டாதீர்கள்.

இன்னொன்று, கேட்காததுதான், இருந்தாலும் சொல்கிறேன். என் கழுத்தைக் கெடுத்ததில் பாதிப் பங்கு தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது ரவிக்கைத் துணியோடு வருகிறவர்களுக்கு. அளவு ரவிக்கை கொண்டு வர மாட்டார்கள், "போன தடவை மாதிரியே" என்பார்கள். போன தடவை அவர்கள் பத்து கிலோ குறைவு. கூலியைச் சொன்னால், "ஆன்லைனில் இருபத்தைந்து வெள்ளிக்குத் தைத்ததே கிடைக்குது" என்பார்கள். அப்படியானால் அங்கேயே வாங்குங்களேன்!

நேற்றுகூட ஒருத்தி வாசலில் நின்று, "அக்கா, நாளைக்குக் கிடைக்குமா?" என்றாள். சுவரில் கை ஊன்றியபடியே, "கிடைக்காதும்மா" என்றேன். அப்போது எட்டாவது தடவை எண்ணிக்கொண்டிருந்தேன்.