ஸ்பீராய்டைக் கொன்றது புரோபயாட்டிக்கா, அமிலமா?

கேள்வி: நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். வீட்டுத் தயிரிலிருந்து பிரித்தெடுத்த லாக்டிபிளான்டிபாசிலஸ் பிளான்டாரம் பாக்டீரியாவின் வடிதிரவத்தை (பாக்டீரியாவை நீக்கியபின் எஞ்சும் வளர்ப்புத் திரவத்தை), தட்டில் படர்ந்து வளர்ந்த ஹெச்டி-29 பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களில் சேர்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட செல்கள் இறந்ததாக, உயிருள்ள செல்களைச் சாயத்தால் அளக்கும் எம்டிடி சோதனை காட்டியது. முப்பரிமாண வளர்ப்பிலும் செய்து காட்டும்படி ஆய்வுக் குழு கேட்கிறது. ஸ்பீராய்டுகளுடன் (உருண்டையாகத் திரண்டு வளர்ந்த செல்திரள்களுடன்) உயிருள்ள பாக்டீரியாவைச் சேர்த்தால் மறுநாள் காலையில் செல்களை வளர்க்கும் ஊடகம் மஞ்சளாகி, ஸ்பீராய்டுகள் உதிர்ந்து கிடக்கின்றன. ஆனால் எம்டிடி அளவீடு, பாக்டீரியா சேர்க்காத குழிகளைவிட அதிகமாக இருக்கிறது. எதை நம்புவது? சோதனையை எப்படி அமைப்பது?

பதில்: இரண்டையுமே இப்போதைக்கு நம்ப வேண்டாம். ஸ்பீராய்டுகள் இறந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவற்றைக் கொன்றது உங்கள் பாக்டீரியாவின் தனித்திறன் என்பதற்கு இதுவரை சான்று எதுவும் இல்லை. புரோபயாட்டிக், அதாவது நன்மை தரும் பாக்டீரியா, பற்றிய ஆய்வுகள் பலவும் வலுவிழப்பது இந்த இடத்தில்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மஞ்சள் நிறத்தைப் பார்ப்போம். ஹெச்டி-29 செல்களுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் மெக்காய் 5ஏ ஊடகத்தில் லிட்டருக்கு 3 கிராம் குளுக்கோஸ், அதாவது ஏறத்தாழ 17 மில்லிமோலார், இருக்கிறது. பிளான்டாரம் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளை உண்டாக்கக்கூடியது. சர்க்கரை முழுவதும் தீர்ந்தால் 33 மில்லிமோலார் அமிலம் சேரும். அதைத் தாங்குவதற்கு ஊடகத்தில் இருப்பதோ லிட்டருக்கு 2.2 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது 26 மில்லிமோலார் மட்டுமே. தாங்கல் திறன் தீர்ந்தபின் பிஹெச் சரிந்துகொண்டே போகும். ஊடகத்திலுள்ள பினால் ரெட் சாயம் மஞ்சளாவது அந்தச் சரிவின் தொடக்கத்தைத்தான் காட்டுகிறது, அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியது என்பதைக் காட்டாது. அமிலம் கூடிய அதே வேளையில் சர்க்கரையும் தீர்ந்துவிட்டதால், உங்கள் ஸ்பீராய்டு ஒரே இரவில் அமிலத்திலும் பட்டினியிலும் சிக்கியிருக்கிறது. எந்த அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாவைப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே காட்சியைத்தான் காலையில் கண்டிருப்பீர்கள்.

குறைவான பாக்டீரியாவைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 செல்கள் கொண்ட ஸ்பீராய்டுக்கு ஒரு செல்லுக்குப் பத்து என்ற விகிதத்தில் 50,000 பாக்டீரியாக்களை 200 மைக்ரோலிட்டரில் சேர்த்தால், மில்லிலிட்டருக்கு இரண்டரை லட்சம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்தாலும் 24 மணி நேரத்தில் பன்னிரண்டு முறை, அதாவது 4,096 மடங்கு. முடிவில் மில்லிலிட்டருக்கு நூறு கோடி. தொடக்க அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் அழிவு ஆறேழு மணி நேரம் தள்ளிப்போகுமே தவிர, தவிர்க்கப்படாது. இதனுடன் இன்னொன்றும் இருக்கிறது. வட்ட அடிப்பகுதி கொண்ட குழியில் பாக்டீரியாக்கள் மிதந்துகொண்டிருப்பதில்லை. ஸ்பீராய்டு அமர்ந்திருக்கும் அதே பள்ளத்தில் படிகின்றன. எனவே ஸ்பீராய்டின் மேற்பரப்பு சந்திக்கும் பாக்டீரியா அடர்த்தி, நீங்கள் எழுதி வைத்திருக்கும் விகிதத்தைவிடப் பல மடங்கு கூடுதல்.

அடுத்து, எம்டிடி ஏன் அதிகமாகக் காட்டியது? எம்டிடி என்பது உயிருள்ள செல்களின் ஒடுக்கும் (எலக்ட்ரான் அளிக்கும்) திறனை அளக்கும் சாயம். உயிருள்ள பாக்டீரியாவுக்கும் அந்தத் திறன் உண்டு. மனிதச் செல்கள் முற்றிலும் இறந்திருந்தாலும் நூறு கோடி பாக்டீரியாக்கள் குழியை ஊதா நிறமாக்கிவிடும். இதே வகைச் சாயமான ரெசசூரினுக்கும் இது பொருந்தும். செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை அளக்கும் ஒளிர்வுச் சோதனையும் பாக்டீரியாவின் ஏடிபியைப் பிரித்தறியாது. இறந்த செல்களிலிருந்து கசியும் நொதியை அளக்கும் எல்டிஹெச் சோதனைக்கு மாறலாம் என்று சிலர் சொல்வார்கள்; அந்த நொதியான லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்தான் லாக்டிக் அமில பாக்டீரியாவின் முதன்மையான நொதி என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். உயிருள்ள பாக்டீரியா இருக்கும் குழியில் இந்த நான்கு சோதனைகளையும் அப்படியே பயன்படுத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அப்படியானால் எதை அளப்பது? உங்கள் ஆய்வகத்தில் நிச்சயம் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியிலிருந்தே தொடங்கலாம். நான்கு மடங்கு உருப்பெருக்கத்தில் ஒவ்வொரு ஸ்பீராய்டையும் நாள்தோறும் படமெடுத்து, விட்டத்திலிருந்து கன அளவைக் கணக்கிடுங்கள். விட்டம் 500 மைக்ரோமீட்டரிலிருந்து 400-க்குக் குறைந்தால் பார்வைக்குச் சிறிய மாற்றமாகத் தெரியும். கன அளவில் அது ஏறத்தாழ பாதி. அடுத்ததாக நான் மிகவும் மதிக்கும் அளவீடு மீள்வளர்ச்சி: பாக்டீரியாவுடன் இருந்த ஸ்பீராய்டை எடுத்துக் கழுவி, ஆன்டிபயாட்டிக் கலந்த புதிய ஊடகத்தில் வைத்து, ஒரு வாரம் வளர்கிறதா என்று பார்ப்பது. சுருங்கிய ஸ்பீராய்டு மீண்டும் வளர்ந்துவிட்டால் செல்கள் தற்காலிகமாக நின்றிருந்தனவே ஒழிய இறக்கவில்லை. செல் இறப்பின் வகையை அறிய வேண்டுமானால், ஸ்பீராய்டைத் தனிச் செல்களாகப் பிரித்து, அவற்றின் மேற்பரப்புப் புரதமான எப்கேமுக்கு எதிரான எதிர்ப்பொருளால் மனிதச் செல்களை அடையாளமிட்டு, அவற்றில் மட்டும், இறக்கும் செல்களில் ஒட்டும் அனெக்சின் சாயத்தை, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பாருங்கள். பச்சை ஒளிர்புரதம் கொண்ட செல்களைப் பயன்படுத்துவதும் நல்ல வழியே; ஆனால் அமிலச் சூழலில் அந்தப் புரதத்தின் ஒளிர்வு தானாகவே மங்கும் என்பதால், மங்கலை இறப்பு என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

சோதனையை அமைக்கும்போது, உயிருள்ள பாக்டீரியாவையும் அதன் வடிதிரவத்தையும் இரண்டு தனிக் கேள்விகளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உயிருள்ள பாக்டீரியாவுக்கு, ஸ்பீராய்டுடன் இருக்கும் நேரத்தை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் அடக்குங்கள். அதற்கு முன்பே, ஸ்பீராய்டு இல்லாத குழிகளில் பாக்டீரியாவை மட்டும் விட்டு, மணிக்கொருமுறை பிஹெச் அளவையும் பாக்டீரியா எண்ணிக்கையையும் குறித்து ஒரு வரைபடம் போட்டுவிடுங்கள். பிஹெச் 7-க்குக் கீழே இறங்கும் நேரம் எதுவோ அதற்கு முன்னரே உங்கள் சோதனை முடிய வேண்டும். ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் பெனிசிலின்–ஸ்ட்ரெப்டோமைசினைக் குறைந்தது ஒரு நாள் முன்பாகவே நிறுத்த வேண்டும் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆறு மணி நேரம் முடிந்ததும் பாக்டீரியாவைக் கொல்ல வான்கோமைசினை எடுக்காதீர்கள். பிளான்டாரம் அதற்கு இயற்கையிலேயே எதிர்ப்புடையது. ஆம்பிசிலின் பெரும்பாலும் வேலை செய்யும். எனினும் உங்கள் திரிபின் (நீங்கள் பிரித்தெடுத்த பாக்டீரியா வகையின்) மீது சோதித்துப் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள். ஸ்பீராய்டின் உட்பகுதிக்குள் புகுந்த பாக்டீரியாக்கள் கழுவலுக்கும் மருந்துக்கும் தப்பலாம். சில ஸ்பீராய்டுகளை உடைத்து, லாக்டிக் அமில பாக்டீரியாவை வளர்க்கும் எம்ஆர்எஸ் அகாரில் பரப்பி, எதுவும் முளைக்கவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே மீள்வளர்ச்சிக் கணக்கைத் தொடங்குங்கள்.

இந்தத் தொகுதிக்கு வெப்பத்தால் கொன்ற அதே பாக்டீரியா ஓர் ஒப்பீடு. அதைவிட முக்கியமானது, புரோபயாட்டிக் என்று யாரும் சொல்லாத, இதே வேகத்தில் அமிலம் உண்டாக்கும் வேறொரு பாக்டீரியா. அதுவும் இதே விளைவைத் தந்தால், உங்கள் திரிபுக்குத் தனிச்சிறப்பு இல்லை என்று பொருள்.

வடிதிரவத்துக்கு வருவோம். இங்கே உங்கள் பழைய முடிவையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. எம்ஆர்எஸ் ஊடகத்தில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸும் 5 கிராம் சோடியம் அசிடேட்டும் ட்வீன் 80-உம் உள்ளன. ஓர் இரவு வளர்ந்த பிளான்டாரம் அதை பிஹெச் 4-க்கு அருகே கொண்டுபோய்விடும். அந்தத் திரவத்தை நேரடியாகச் செல்கள் மீது ஊற்றினால் படர்ந்து வளர்ந்த செல்கள் இறப்பதில் வியப்பில்லை. ஆகவே வடிதிரவத்தை சோடியம் ஹைட்ராக்சைடால் 7.4-க்குக் கொண்டுவந்து, 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, அதனுடன் பாக்டீரியா வளராத எம்ஆர்எஸ், லாக்டிக் அமிலம் சேர்த்து, நடுநிலையாக்காத வடிதிரவத்தின் பிஹெச் அளவுக்குக் கொண்டுவந்த எம்ஆர்எஸ், அதே செறிவில் சோடியம் லாக்டேட் ஆகியவற்றையும் அடுத்தடுத்த குழிகளில் வையுங்கள். நடுநிலையாக்கிய பின்னும் விளைவு நிற்கிறதா என்பதுதான் உங்கள் ஆய்வின் திருப்புமுனை. நின்றால், கேட்டலேஸ் சேர்த்து ஹைட்ரஜன் பெராக்சைடின் பங்கையும், புரோட்டினேஸ் கே சேர்த்துப் புரதத்தின் பங்கையும் பிரித்தறியலாம். இந்த வழியில் தொடர்ந்து போனால் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறையே எட்ட முடியும்: லாக்டோபாசிலஸ் காசேயி ஏடிசிசி 334 திரிபின் வடிதிரவத்தைப் படிப்படியாகப் பிரித்த ஜப்பானிய ஆய்வாளர்கள், பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களை அழிப்பது ஃபெரிக்ரோம் என்ற பொருள் என்று 2016-இல் காட்டினார்கள்.

இனி முப்பரிமாணம் என்பதைப் பற்றி. ஸ்பீராய்டு செய்வது கடினமில்லை. ஒட்டாப் பூச்சுள்ள 96 குழித் தட்டு இல்லாவிட்டால் குழிகளில் அகரோஸ் பூசியே செய்துவிடலாம். கவனிக்க வேண்டியது அளவு. ஆக்சிஜன் செல்திரளுக்குள் ஏறத்தாழ 150 முதல் 200 மைக்ரோமீட்டர் ஆழம் வரைதான் ஊடுருவும்; விட்டம் 500-ஐத் தாண்டும்போது நடுப்பகுதி தானாகவே இறக்கத் தொடங்குகிறது. உண்மையான கட்டியிலும் இத்தகைய பகுதி உண்டு என்பதால் இதுவே ஸ்பீராய்டின் பயன். ஆனால் பாக்டீரியா சேர்க்காத ஸ்பீராய்டிலும் இறந்த நடுப்பகுதி இருக்கும் என்பதை மறந்து, இறந்த செல்களைக் காட்டும் சிவப்புச் சாயம் பிடித்த நடுவைக் காட்டி வெற்றி என்று எழுதிவிடக் கூடாது. ஸ்பீராய்டுகளை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, மெல்லிய சீவல்களாக வெட்டி, பிளவுற்ற கேஸ்பேஸ்-3 (செல் இறப்பின் அடையாளம்), கேஐ-67 (செல் பெருக்கத்தின் அடையாளம்) ஆகியவற்றுக்குச் சாயமேற்றி, விளிம்பிலுள்ள உயிர்ப்பான வளையத்தில் மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பின் முதல் சில அடுக்குகளோடு விளைவு நின்றுவிட்டால், அதையும் அப்படியே எழுதுங்கள். படர்ந்த செல்களில் கிடைக்கவே கிடைக்காத தகவல் அது.

ஆர்கனாய்டுக்கு (உறுப்பைப் போலவே அமையும் சிறு திசு மாதிரிக்கு) போகலாமா என்று குழுவில் யாராவது கேட்கக்கூடும். நோயாளியின் திசுவிலிருந்து வளர்க்கும் ஆர்கனாய்டு கட்டிக்கு மிக நெருக்கமானது. ஆனால் பாக்டீரியாவுக்கு அதில் ஒரு தடை உண்டு. மேட்ரிஜெல் என்ற புரத ஜெல் துளிக்குள் வளரும் ஆர்கனாய்டில் குடலின் உள்பக்கம் உள்ளே மூடியிருக்கும். வெளியே ஊடகத்தில் விட்ட பாக்டீரியா ஜெல்லைத் தாண்டினாலும், குடலில் அது ஒருபோதும் தொடாத அடிப்பக்கத்தையே தொடும். உள்ளே நுண்ணூசியால் செலுத்த வேண்டும், அல்லது ஜெல்லை நீக்கி உள்பக்கம் வெளியே வரும்படி ஆர்கனாய்டைத் திருப்ப வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2020-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், கோலிபாக்டின் என்ற நச்சை உண்டாக்கும் ஈ. கோலை பாக்டீரியாவை மனிதக் குடல் ஆர்கனாய்டுகளுக்குள் ஐந்து மாதங்கள் திரும்பத் திரும்பச் செலுத்தி, டிஎன்ஏ-வில் அது விட்டுச்செல்லும் தனித்த திடீர்மாற்றத் தடத்தைக் கண்டறிந்தார்கள். அதே தடம் பெருங்குடல் புற்றுநோயாளிகள் சிலரின் கட்டிகளிலும் இருந்தது. அந்த நச்சுக்கான பிகேஎஸ் மரபணுத் தொகுதி, புரோபயாட்டிக்காக நெடுங்காலம் பயன்பட்டு வரும் ஈ. கோலை நிஸ்லே 1917 திரிபிலும் இருக்கிறது. புரோபயாட்டிக் என்ற பெயரே பாதுகாப்புக்குச் சான்றாகாது. ஆகவே உங்கள் திரிபின் முழு மரபணுத் தொடரையும் பார்த்துவிடுங்கள். புற்றுநோயற்ற குடல் செல்களின் மீதும் அதே அளவில் சோதியுங்கள். அந்தச் செல்களும் அதே விகிதத்தில் இறந்தால் நீங்கள் கண்டறிந்தது பொதுவான ஒரு நச்சுத்தன்மையை மட்டுமே.

எண்ணிக்கை குறித்து ஒன்று. ஒரே தட்டில் உள்ள பன்னிரண்டு ஸ்பீராய்டுகள் பன்னிரண்டு சோதனைகள் ஆகா. அவை ஒரே சோதனையின் பன்னிரண்டு அளவீடுகள். வெவ்வேறு நாள்களில், வேறு தலைமுறைச் செல்களையும் புதிதாக வளர்த்த பாக்டீரியாவையும் கொண்டு குறைந்தது மூன்று முறை செய்து, அந்த மூன்றையே புள்ளியியலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுத் திரிபுகளை சண்டிகரின் எம்டிசிசி நுண்ணுயிர்க் காப்பகத்திலிருந்தும், செல் வரிசைகளைப் புனேயின் தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்தும் பெறலாம். வந்ததும் முதல் வேலையாக, செல் வளர்ப்புகளில் தெரியாமல் தொற்றும் மைகோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனை செய்துவிடுங்கள்.

இவை அனைத்தையும் கடந்து விளைவு நின்றாலும், ஆய்வேட்டில் "இந்தத் திரிபின் நடுநிலையாக்கிய வடிதிரவம் ஹெச்டி-29 ஸ்பீராய்டுகளின் வளர்ச்சியை இந்தச் செறிவில் குறைத்தது" என்ற அளவிலேயே எழுதுங்கள். கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நோயாளிக்கு உயிருள்ள லாக்டோபாசிலஸ் இரத்தத்தில் தொற்றாக மாறக்கூடும்; அது மருத்துவர்கள் அறிந்த ஆபத்து. "தயிர் பாக்டீரியா புற்றுநோயைக் கொல்லும்" என்ற தலைப்பில் உங்கள் முடிவு செய்தியானால் அதைப் படிப்பவர்களில் அத்தகைய நோயாளியும் இருப்பார். எனவே இந்த எச்சரிக்கையை ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் விடாமல், சுருக்கத்திலேயே ஒரு வாக்கியமாகச் சேர்த்துவிடுங்கள்.