சிஸ்டர் இரண்டாம் முறை கூப்பிடவில்லை

அன்புள்ள ஐயா,
மூன்றாம் ஆண்டு எம்பிபிஎஸ் படிக்கிறேன். கல்லூரியில் நர்சிங், பிசியோதெரபி மாணவர்களோடு சேர்த்து இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். "முடிவெடுப்பது நாம், கேஸ் என்று வந்தால் கோர்ட்டில் நிற்பதும் நாம், இவர்களோடு உட்கார்ந்து என்ன படிக்கப்போகிறோம்?" என்றான் நண்பன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கையெழுத்து டாக்டருடையதுதான், அதில் உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் கையெழுத்துப் போடுகிறவருக்கு விஷயம் வந்து சேர வேண்டுமே. ரவுண்ட்ஸில் டாக்டர் ஒரு படுக்கையருகே நிற்பது சில நிமிடம், சிஸ்டர் இருப்பது ஷிஃப்ட் முழுக்க.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் இரவு, சிறுநீர் குறைகிறது என்று டியூட்டி டாக்டருக்கு சிஸ்டர் போன் செய்தார். "இதுக்கெல்லாமா எழுப்புவீங்க?" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. விடியும் முன் அப்பா ஐசியுவுக்குப் போனார். பிழைத்துவிட்டார். அப்புறம் சிஸ்டரிடம் ஏன் மறுபடி கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "ஒரு தடவைக்கே திட்டு வாங்கிட்டேன் சார்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த டாக்டரும் கெட்டவர் இல்லை, மாணவராக இருந்தபோது உங்கள் நண்பரைப் போலத்தான் நினைத்திருப்பார்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 100க்கும் மேற்பட்ட ஐசியுக்களில் நடந்ததை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். பெரிய ரத்தக்குழாயில் செருகும் சென்ட்ரல் லைன் என்ற குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறுவதைத் தடுக்க ஐந்தே விஷயங்களை வலியுறுத்தினார்கள். கை கழுவுவது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது, உடல் முழுக்க மூடித் துணி விரிப்பது, தொடை வழியைத் தவிர்ப்பது, தேவையில்லாத லைனை எடுத்துவிடுவது. எல்லாம் எல்லா டாக்டரும் படித்ததுதான். கூடவே, டாக்டர் ஒன்றைத் தவறவிட்டால் நர்ஸ் அங்கேயே நிறுத்தலாம் என்ற அதிகாரத்தையும் கொடுத்தார்கள். 2006ல் முடிவு வெளியானபோது தொற்று 66 சதவீதம் வரை குறைந்திருந்தது.

2019ல் வந்த உங்கள் பாடத்திட்டமே எம்பிபிஎஸ் முடிப்பவர் மருத்துவக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருக்க வேண்டும் என்கிறது. தலைவர் என்பதை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். ஹாலில் இரண்டு நாள் உட்காரவைத்தால் இந்த நினைப்பு மாறும் என்று நான் நம்பவில்லை, ஒரே நோயாளியை நீங்களும் நர்சிங் மாணவரும் சேர்ந்து பார்த்தால் மாறலாம்.

அடுத்த வார்டு போஸ்டிங்கில் சிஸ்டர்கள் டியூட்டி மாற்றிக்கொடுக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள், நண்பரையும் கூட்டிக்கொண்டு. கேஸ் ஷீட்டில் ஏறாத எத்தனை விஷயங்களை அவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.