ரென்ற், ஹயர், லீஸ், லெற்: எல்லாம் வாடகைதானே?

தமிழில் வாடகை என்ற ஒரு சொல் போதுமே, ஆங்கிலத்தில் ஏன் நாலு என்பது கேள்வி.

ஒரு சொல் நமக்கும் போதவில்லை. வீட்டுக்கு வாடகை, தோட்டக்காணிக்குக் குத்தகை, கலியாணத்துக்கு வான் பிடித்தால் ஹயர். யாழ்ப்பாணத்தில் பிரித்துத்தான் பேசுகிறோம்.

அந்த ஹயர் பிரித்தானிய வழக்கு: வான், மண்டபம், கதிரை என்று சொற்ப நேரத்துக்கு எடுப்பது. அமெரிக்கர் காரையும் ரென்ற் என்பர்; அங்கே ஹயர் பெரும்பாலும் ஆளை வேலைக்கு எடுப்பதுதான்.

அதிகம் பிழை வருவது ரென்றில். 'ஐ ரென்ற் எ றூம் இன் திருநெல்வேலி' என்று சொன்னவர் கம்பஸ் மாணவரா, வீட்டுக்காரரா? இருவரில் எவராகவும் இருக்கலாம். தமிழில் 'எடுத்தன்', 'குடுத்தன்' என்ற வினையே ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அது ஒட்டிவரும் சின்னச் சொல்லின் வேலை: 'ரென்ற் ஃப்றொம்' என்றால் எடுத்தவர், 'ரென்ற் அவுட் ரு' என்றால் கொடுத்தவர். லெற்றில் இந்தக் கரைச்சல் இல்லை. அது கொடுப்பவருக்கு மட்டும். வாசலில் 'ரு லெற்' பலகை தொங்குவது அதனால்தான். குடியிருப்பவர் தான் வீட்டை 'லெற்' பண்ணினதாக எழுதினால் பொருளே தலைகீழ்.

லீஸ் என்றால் தவணையும் நிபந்தனையும் எழுத்தில் இருக்கும். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணி, வீட்டு லீஸை நொத்தாரிசு முன் எழுத வேண்டும்.

ஓட்டோவை 'லீசிங்கில' எடுப்பது வேறு கதை. கட்டி முடித்தால் வாகனம் நமக்கு. அதுவரை பதிவுப் புத்தகத்தில் கொம்பனிதான் முழு உரிமையாளர். இதை லண்டனில் இருக்கும் மச்சானுக்கு 'ஐ லீஸ்ட் எ கார்' என்று எழுதினால், தவணை முடியத் திருப்பிக் கொடுக்கப்போகிறீர்கள் என்றே நினைப்பார். 'பொட் இற் ஒன் ஃபைனான்ஸ்' என்று எழுதுங்கள்.

காணி உறுதிகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று: ஒற்றியை லீஸ் ஆக்காதீர்கள். 1707இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே ஒற்றி இருக்கிறது. காசு கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை எடுக்கிறார். முதலைத் திருப்பினால்தான் காணி மீளும். லீஸில் கட்டிய காசு திரும்பி வராது. ஆகவே 'ஒற்றி' என்றே விட்டு, பக்கத்தில் 'யூசுஃப்றக்சுவரி மோற்கேஜ்' என்று சேருங்கள்.