காய்ப்பைப் பிளேடால் சீவாதீர்கள்

கோல்ஃப் ஆடி ஆடி இடது கையில் மோதிர விரல், சுண்டு விரல் அடியில் காய்ப்பு, பிளேடால் சீவியதும் வெடித்து எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பிளேடைத் தூரப் போடுங்கள். வெடிப்பு ஆறும்வரை மட்டையையும் தொட வேண்டாம்.

ஆறிய பிறகு, 5 முதல் 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் கையை ஊறவைத்து, பியூமிஸ் கல்லால் லேசாகத் தேயுங்கள். மொத்தமாக எடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் காய்ப்பு கைக்குக் கவசம். மேடுதட்டிய ஓரம்தான் எதிரி, பிடியில் சிக்கிக் கிழிவது அதுதான். இரவில் யூரியா கலந்த கிரீம் தடவுங்கள். ஆடப்போகும் முன் வேண்டாம், மட்டை வழுக்கும்.

சரி, காய்ப்பு ஏன் இவ்வளவு தடிக்கிறது? உங்கள் பழைய கையுறையைப் பாருங்கள். உள்ளங்கையின் அடிமேட்டில், அதாவது மணிக்கட்டை ஒட்டிய சதைப்பகுதியில், ஓட்டை விழுந்திருந்தால், வீசும்போது மட்டை கைக்குள் நகர்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மட்டையை விரல்களில் பிடிக்காமல் உள்ளங்கையில் பிடிப்பதால் வருவது. மட்டையின் ரப்பர் பிடி தேய்ந்து பளபளத்தாலும் இதே கதைதான். நாமே அறியாமல் இறுக்கிப் பிடிப்போம். தொளதொளவென்ற கையுறையும் தோலை மடக்கி உரசும்.

சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் தேய்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.