மின் ஆளுமை என்றால் என்ன? அரசு அலுவலகத்தில் கணினி வைத்தால் போதுமா?

போதாது. மக்களுக்கான அரசுச் சேவை தகவல் தொழில்நுட்பத்தின் வழியாக அவர்களை வந்தடைவதுதான் மின் ஆளுமை. படிவத்தை மட்டும் இணையத்தில் போட்டுவிட்டு, "பிரிண்ட் எடுத்து நேரில் கொண்டு வா" என்றால் அது அரைகுறை வேலை.

தமிழ்நாட்டின் வருமானச் சான்றிதழையே பாருங்கள். முன்பு விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), வருவாய் ஆய்வாளர், தாலுகா ஆபீஸ் என்று மனுவைத் தூக்கிக்கொண்டு நாமே அலைந்தோம். விஏஓ வயல் பக்கம் போயிருந்தால் அன்றைய பொழுது போச்சு! இப்போது இ-சேவை மையத்திலோ வீட்டிலிருந்தோ விண்ணப்பித்தால், அதே அதிகாரிகளின் திரைக்கு மனு வரிசையாகப் போகிறது. ஓட்டலில் தோசைக்கு நாம் அடுப்படிக்குப் போவதில்லை, சர்வரிடம் சொன்னால் உள்ளே போய்விடும் அல்லவா, அப்படி. மனு யாரிடம் நிற்கிறது என்பதை விண்ணப்ப எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், வேகத்தைவிட இதுதான் பெரிய லாபம். "இன்னும் வரல, நாளைக்கு வாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவது கஷ்டம்.

சரி, மை கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் எங்கே? அந்த இடத்தில் டிஜிட்டல் கையொப்பம் வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது செல்லும். சான்றிதழ் எண்ணை இணையத்தில் போட்டு யாரும் சரிபார்க்கலாம்.

அப்புறம், சான்றிதழைக் கொடுப்பது இ-சேவை மையம் என்று பலர் நினைக்கிறார்கள். மையம் மனுவைப் பதிவேற்றித்தான் தரும். கொடுப்பதும் நிராகரிப்பதும் வருவாய்த் துறை அதிகாரிதான்.