டேவிட் செடாரிஸை வாசிப்பது எப்படி? கேள்வி பதில்

தாம் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்பதை ஒளிக்காமல், தம் வீட்டையும் காதலையும் அசட்டுத்தனங்களையும் வைத்து 30 ஆண்டுகளுக்கும் மேலாக நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிவருபவர் அமெரிக்கரான டேவிட் செடாரிஸ். அவருடைய நூல்களைத் திரும்பத் திரும்பப் படித்தவன் என்ற ஒரே தகுதியில் இக்கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, இவரை இதுவரை நான் படித்ததில்லை. எந்த நூலில் தொடங்கலாம்?

2000-இல் வெளிவந்த ‘மீ டாக் ப்ரிட்டி ஒன் டே’ நூலில் தொடங்குங்கள். அதன் முதல் கட்டுரையில், ‘ஸ்’ என்ற ஒலி சரியாக வராத பள்ளிச் சிறுவனாக அவர் வருகிறார். அதைத் திருத்துவதற்காகப் பள்ளிக்கு வரும் பயிற்சியாளரிடம் தோற்றுப்போக மனமில்லாமல், அந்த ஒலி வரும் சொற்களையே பேச்சிலிருந்து விலக்கிவிடுகிறான் சிறுவன். ஆங்கிலத்தில் பன்மைச் சொற்களில் பெரும்பாலானவை ‘ஸ்’ என்றோ அதன் சாயலிலோ முடிவதால், ‘ரிவர்ஸ்’ என்பதை ‘மெனி அ ரிவர்’ என்று சுற்றிவளைத்துச் சொல்லப் பழகுகிறான். ஒரு குறையை மறைக்கப் போய் அகராதியளவு சொல்வளம் சேர்த்துக்கொண்ட பையன்தான் பின்னாளில் எழுத்தாளர் ஆனார் என்று எனக்குத் தோன்றும். நூலின் பின்பாதியில் பிரான்சு நாட்டு வாழ்க்கையும் பிரெஞ்சு மொழி கற்கும் அவதியும் நிறைய வரும்.

கேள்வி: தன்பாலீர்ப்பு பற்றித்தான் எல்லாக் கட்டுரைகளும் இருக்குமா?

இல்லை. நான் மேலே சொன்ன கட்டுரையையே பாருங்கள். பேச்சுப் பயிற்சிக்கென்று வகுப்பிலிருந்து அழைத்துச் செல்லப்படுபவர்கள் அனைவரும் பையன்கள் என்பதையும், விளையாட்டில் நாட்டமில்லாதவர்கள் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார், புரிந்தவர் சிரிப்பார். அவருடைய துணைவர் ஹ்யூ ஹாம்ரிக் ஓர் ஓவியர். நன்றாகச் சமைப்பவர், கோபக்காரர். கட்டுரைகளில் அவர்கள் இருவரும் எந்தத் தம்பதியரையும் போலச் சண்டையிட்டுக்கொள்கிறார்கள். 2015 ஜூனில் ஒருபால் திருமணத்தை நாடு முழுவதும் செல்லத்தக்கதாக்கி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கொள்கையளவில் மகிழ்ந்த செடாரிஸுக்குத் திருமணத்தில் விருப்பமே இல்லை. வரி மிச்சமாகும் என்று கணக்காளர் சொன்ன பிறகுதான் ஹ்யூவிடம் கேட்கத் தொடங்குகிறார். ஹ்யூவோ மறுத்துக்கொண்டே இருக்கிறார். உரிமைக்காக எழுதப்பட்ட பல கட்டுரைகளைவிட, இந்த அசிரத்தைதான் அவர்களுடைய இல்லறத்தை இயல்பானதாகக் காட்டுகிறது.

கேள்வி: இதெல்லாம் உண்மையில் நடந்தவையா?

2007-இல் ‘தி நியூ ரிபப்ளிக்’ இதழ் அவருடைய சில கட்டுரைகளை விசாரித்து, மிகைப்படுத்தலும் புனைந்த பகுதிகளும் உள்ளன என்று எழுதியது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த தொகுப்பின் முன்குறிப்பில், இவை ஏறக்குறைய உண்மை என்னும் பொருள்படும் ஒரு சொல்லை அவரே உருவாக்கிப் போட்டுக்கொண்டார். உரையாடல்களை நான் அப்படியே நம்புவதில்லை, உணர்வுகளை நம்புகிறேன்.

கேள்வி: பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் இப்படிப் பொதுவில் வைப்பது சரியா? எனக்குச் சிரிப்போடு சங்கடமும் வருகிறது.

உங்களுக்கு வரும் சங்கடம் அவருக்கும் உண்டு. வீட்டில் ஆறு பிள்ளைகள். லிசா, டேவிட், கிரெட்சன், ஏமி, டிஃபனி, பால். இவர்களில் ஏமி அறியப்பட்ட நடிகை. 2004-இல் வந்த தொகுப்பில் லிசாவைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லி அழும் அக்கா, இதை எழுதிவிடாதே என்று தம்பியிடம் கேட்டுக்கொள்கிறார். அந்தக் கோரிக்கையையும் சேர்த்தே தம்பி எழுதிவிடுகிறார். கடைசியில், அக்கா வளர்க்கும் கிளியின் கூண்டருகே இரவில் நின்று, அக்காவின் காதில் என்றைக்காவது விழட்டும் என்பதுபோல, மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை அதற்குக் கற்றுக்கொடுக்க முயல்கிறார். தம் தொழிலின் குற்றத்தை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட வேறொரு நகைச்சுவைக் கட்டுரையை நான் படித்ததில்லை.

டிஃபனியின் கதை இன்னும் கனமானது. தன்னைப் பற்றி எழுதப்படுவதை அவர் விரும்பவில்லை; அதே 2004 தொகுப்பில் அவரைப் பற்றியும் ஒரு கட்டுரை இடம்பெற்றது. 2013-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டில் ‘தி நியூயார்க்கர்’ இதழில் செடாரிஸ் எழுதிய கட்டுரை பலரை உருக்கியது. டிஃபனியை அறிந்த சிலரைக் கோபப்படுத்தவும் செய்தது. பிறகு ‘கலிப்ஸோ’ (2018) தொகுப்பில் அவர் மற்றொன்றையும் சொன்னார்: தங்கையைக் கடைசியாகப் பார்த்தது தம்முடைய நிகழ்ச்சி ஒன்றின் மேடை வாயிலில், அவர் முகத்துக்கு நேரே கதவை மூடும்படி காவலரிடம் சொன்னவர் தாமே. இதை அவர் எழுதாமல் விட்டிருந்தால் நமக்குத் தெரிந்திருக்காது. எழுதியதால் அவருடைய பிழை குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் பிறரைச் சிரிப்புக்குள்ளாக்கிய பேனா தம்மைத் தப்பவிடவில்லை என்பதை மட்டும் சொல்வேன். தாயின் குடிப்பழக்கத்தைப் பற்றிய கட்டுரையும் அதே தொகுப்பில்தான் உள்ளது. அவரிடம் ஒருநாளும் வாய்திறந்து பேசாத பிள்ளைகளின் மௌனத்தைத்தான் அது முதலில் குற்றம் சாட்டுகிறது.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார்தான். சமாளிக்க முடியுமா?

முதலில் ஒலிநூலைக் கேளுங்கள், அவரே வாசித்திருக்கிறார். அவர் புகழ்பெற்றதும் குரலால்தான். மேசிஸ் பல்பொருள் அங்காடியில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் குள்ள உதவியாளர் வேடமிட்டு வேலை பார்த்த கதையை 1992 டிசம்பர் 23 அன்று வானொலியில் வாசித்தார். அதற்குமுன் நியூயார்க்கில் வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்தவர். இன்றும் அச்சுக்கு முன்னால் ஊர் ஊராகச் சென்று மேடையில் வாசித்து, அவையினர் எங்கே சிரித்தார்கள், எங்கே இருமினார்கள் என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு திருத்துகிறார். ஆகவே அவருடைய வாக்கியங்கள் காதுக்கானவை.

கேள்வி: இங்கிலாந்தில் அவர் பெயரில் குப்பை வண்டி இருக்கிறதாமே?

உண்மைதான். மேற்கு சசெக்ஸில் குடியேறிய பின், நாள்தோறும் பல மணி நேரம் நடந்து சாலையோரக் குப்பையைப் பொறுக்குவது அவருடைய வழக்கம். நன்றிக்கடனாக உள்ளூராட்சி ஒரு வண்டிக்கு அவர் பெயரை வைத்தது.

கேள்வி: நானும் தன்பாலீர்ப்பு கொண்டவன். ஆங்கிலம் நன்கு படிக்கும் என் அம்மாவுக்கு இவருடைய நூலைக் கொடுக்கலாமா, ஐயா?

முழு நூலையும் கொடுக்காதீர்கள், தம்பி. கூச்சமில்லாமல் எழுதிய பக்கங்கள் நிறைய உண்டு. 2004 தொகுப்பில் ‘ஹெஜிரா’ என்றொரு மிகச் சிறிய கட்டுரை இருக்கிறது. படிப்பை விட்டுவிட்டு வீட்டில் கிடந்த மகனைத் தந்தை வெளியே போகச் சொல்கிறார். வேலைவெட்டி இல்லாததால்தான் அனுப்புகிறார் என்று மகன் நினைத்துக்கொள்கிறான். தன்பாலீர்ப்புதான் காரணம் என்பது அவனுக்கு மாதங்கள் கழித்தே தெரியவருகிறது. காரணத்தை அவன் அறிந்திருப்பான் என்று எண்ணிக்கொண்டு, அவனைக் காரில் ஏற்றிச் செல்லும் தாய் வழியெல்லாம் அழுகிறார். அந்தக் கட்டுரையை மட்டும் முதலில் கொடுங்கள். அவர் படித்து முடிக்கும்வரை அருகிலேயே இருங்கள்.