மூளை அறிவியலைத் தெரிந்துகொண்டால் அன்றாடக் கோபத்தையும் பதற்றத்தையும் அடக்க முடியுமா?

கேட்டவர் இன்றைக்கு யாரிடமோ கத்திவிட்டு, தூக்கம் வராமல் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இந்த விஷயத்துக்குள் வந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டரும் இல்லை, உளவளத்துணையாளரும் இல்லை. உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தவன். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுத்துப் பேர் போடுவது என் வேலை. மலையகத்துக்கு வெளியில் இருப்பவர்களுக்காக: ஒரு நாள் சம்பளத்தை நாங்கள் ஒரு பேர் என்போம். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ.

இரண்டு வருடத்துக்கு முன், ஜூலை மாதம், விடாத மழை. முதல் நாள் ராத்திரி மகனுக்கு இழுப்பு. வீட்டில் யாரும் கண் மூடவில்லை. பகல் சோற்றுப் பார்சலையும் பிரிக்கவில்லை. மாலை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு பெரியம்மா தராசில் சாக்கை வைத்தார். என் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர். 19 காட்டியது. ஈரத்துக்கென்று 2 கிலோ கழித்து 17 என்று எழுதினேன்.

"நீயுமா தம்பி தராசுல கை வைக்கிற?" என்றார்.

அவ்வளவுதான். புத்தகத்தைத் தூக்கித் தரையில் அடித்தேன். "நாளையிலிருந்து பிரட்டுக்கே வர வேணாம்" என்று கத்தினேன். (பிரட்டு என்றால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம்.) அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமே கிடையாது. 40 பெண்கள் நனைந்தபடி நின்றார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரைப்பேர் போட்டேன்.

நான் போவதற்குள் செய்தி நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்விட்டது. அம்மா ரொட்டியும் சம்பலும் எடுத்து வைத்தார், பேசவில்லை. நான் கை கழுவும்போது மட்டும், "எங்க காலத்துக் கணக்கப்பிள்ளையும் புத்தகத்தத்தான் வீசுவாரு" என்றார்.

அன்று ராத்திரி போனில் தேடிப் படிக்கத் தொடங்கினேன். மூளையின் இரண்டு பக்கமும், காதுக்கு உள்ளே தள்ளி, பாதாம் பருப்பு மாதிரி அமிக்டலா என்று ஒன்று இருக்கிறது. ஆபத்து என்று அதற்குப் பட்டுவிட்டால், நெற்றிக்குப் பின்னாலுள்ள நிதானமான பகுதி யோசித்து முடிக்கும் முன்பே அது மணியடித்துவிடும். சில விநாடியில் அட்ரினலின் என்ற ஹோர்மோன் ஓடும். (எங்கள் பாடப்புத்தகத்தில் இது 'அதிரனலின்'. ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி 'பரிவகக்கீழ்'. ஒரு மூளைக்கு எத்தனை தமிழ்! தேடிப் படிப்பவன் பாடு யாருக்குத் தெரியும்.) பின்னாலேயே கோர்ட்டிசோல் என்ற இன்னொரு ஹோர்மோன். அது மெதுவாக ஏறி, 20, 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். இறங்க அதைவிட நேரமெடுக்கும். தூக்கம் கெட்டிருந்தால் நெற்றிப் பகுதியின் பிடியும் தளர்ந்துவிடும்.

எனக்கு உதவியது இந்த நேரக் கணக்குத்தான். மணி அடிப்பதைத் தடுக்க என்னால் முடியாது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் எதையும் முடிவு செய்யாமல் இருக்க முடியும். இப்போது தகராறு வந்தால் நிறையை மட்டும் பென்சிலால் குறித்து வைத்து, லொறி போன பிறகு பேசுகிறேன். அதுவரை மூச்சை நீட்டி விடுவேன், சுடு தேத்தண்ணியை ஊதுவது மாதிரி. வெளிமூச்சில், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அது ஒரு வசதி.

இன்னொன்று, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. 2007இல் மேத்யூ லீபர்மேன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, முகப் படங்களைக் காட்டி, அதில் தெரியும் உணர்ச்சியின் பெயரைத் தெரிவு செய்யச் சொல்லி மூளையை ஸ்கேன் செய்தது. பெயரிட்டபோது அமிக்டலா அடங்கியது. நானும் 'கோபம், கோபம்' என்று சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. பல மாதம் கழித்துத்தான் சரியான பெயர் அகப்பட்டது: பயம். மலையில் நிறுத்த நிறைக்கும் பக்டரி நிறைக்கும் வித்தியாசம் வந்தால் துரை, அதாவது தோட்ட மேலாளர், என்னைத்தான் கேட்பார். மழை நாளில் லொறியிலேயே தண்ணீர் வடிந்து கிலோ குறைந்துவிடும். அந்தப் பயத்தைத்தான் பெரியம்மா தலையில் கொட்டியிருக்கிறேன்.

'தொழிலாளி வயிற்றில் அடித்துவிட்டு மூளைமேல் பழி போடுகிறான்' என்று கீழே எழுதப் போகிறவர்களே, பொறுங்கள். மறுநாள் காலையே பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அரைப்பேரை மாற்றத்தான் முடியவில்லை, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறிவிட்டது. பெரியம்மா இப்போது என்னோடு பேசுகிறார். ஆனால் தம்பி என்பதில்லை, ஐயா என்கிறார்.

இதையும் எழுதியே ஆக வேண்டும். போன வருடம் ஓர் அமைப்பு வந்து மன அழுத்தம் பற்றிச் செயலமர்வு நடத்தியது. சிலைடு எல்லாம் ஆங்கிலம். வந்து உட்கார்ந்த பெண்களுக்கு அன்றைய பேர் உண்டா இல்லையா என்று மாலைவரை யாருக்கும் தெரியாது. "அழுத்தம் வெளியில் இல்லை, உங்கள் மூளையில்தான் இருக்கிறது" என்றார் பயிற்சியாளர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது எங்கள் தோட்டத்தில் 16 கிலோவை 18 ஆக்கினார்கள். பழைய கணக்கில் அந்தப் பெரியம்மாவின் 17 முழுப்பேர். அதை எந்த மூளைக்குள் தேடுவது?

சரி, உங்கள் விஷயம். யாரிடம் கத்தினீர்களோ அவரிடம் இன்றிரவே மெசேஜ் போட்டு விளக்கம் கொடுக்க வேண்டாம், காலையில் நேரில் பேசுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, படபடப்பு நிற்கவில்லை என்றால் இந்த மூச்சுக் கதையெல்லாம் போதாது. இலங்கையில் இருந்தால் 1926க்கு எடுங்கள், அரசாங்கத்தின் மனநல இலக்கம். தூக்கத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு நான் 12 மணிக்கு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். 5 மணிக்கு எழும்ப வேண்டும்.